தோற்கும் அணியோடு பிளேஆஃப் முழுக்க இருப்பது எப்படி? ஒரு பிஸ்டன்ஸ் ரசிகரின் வழிகாட்டி

2008 மே 26 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில் பாஸ்டன் செல்டிக்ஸை வென்றது. அடுத்த பிளேஆஃப் வெற்றி வந்து சேர்ந்தது 2025 ஏப்ரல் 21 அன்று. முதல் வெற்றியின் இரவில் பிறந்த குழந்தை, அடுத்ததைப் பார்ப்பதற்குள் பதினோராம் வகுப்புப் பரீட்சையே எழுதி முடித்திருக்கும். இடையில் நாங்கள் பிளேஆஃப் வாசலை மிதித்தது மூன்றே தடவை: 2009, 2016, 2019. மூன்றிலும் முதல் சுற்றிலேயே 0-4, ஆடிய நான்கும் தோல்வி. அவற்றோடு 2008இன் கடைசி இரண்டு, 2025இன் முதல் ஒன்று. ஆக வரிசையாக 15 தோல்விகள். அதுவரையிலான என்பிஏ வரலாற்றில் வேறு எந்த அணியும் பிளேஆஃபில் இப்படித் தொடர்ந்து தோற்றதில்லை.

'நாங்கள்' என்று எழுதுகிறேன். அந்த அணிக்காக நான் ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை. ரசிகர்களின் இலக்கணத்தில் இது அனுமதிக்கப்பட்ட பிழை.

டெட்ராய்ட் புறநகரில் வேலைக்கு வந்து குடியேறிய பிறகுதான் இந்த அணி என்னைப் பிடித்துக்கொண்டது. பெயரே ஒரு காரணம். ஃபோர்ட் வேன் என்ற ஊரில் பிஸ்டன் வார்க்கும் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் ஸோல்னரின் அணி அது; 1957இல் டெட்ராய்ட்டுக்கு வந்தது. நாள் முழுக்க எஞ்சின் பாகங்களோடு மல்லுக்கட்டுகிற ஒருவனுக்கு வேறு எந்த அணி பொருந்தும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திக்கித் திணறி பிளேஆஃபுக்குள் வந்த அணி உங்களுடையதா? எதிரே தங்களைவிடப் பலமான அணியா? தொடர் கைவிட்டுப் போகிறதா? அந்த இரண்டு வாரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஜெயிப்போம் என்ற நம்பிக்கையை மட்டும் மூலதனமாக வைத்தால், மூன்றாவது ஆட்டத்துக்குள் அது தீர்ந்துவிடும். நான்காவது ஆட்டத்தின் நடுவில் டிவியை அணைத்துவிடுவீர்கள். ஆட்டத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்தவர் அணைப்பதில்லை. பதினைந்து தோல்விகளில் நான் கற்றது அவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

1. முதலில் தொடரின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு பிளேஆஃப் என்றால் ஓர் இரவு. தோற்றால் மூட்டை கட்ட வேண்டும், அல்லது இன்னொரு வாய்ப்பு. என்பிஏவில் அப்படி இல்லை. 82 ஆட்டங்கள் கொண்ட சீசன் முடிந்ததும், கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளிலும் முதல் ஆறு இடங்கள் நேராக உள்ளே போகும். ஏழு முதல் பத்து வரை உள்ளவர்கள் பிளே-இன் என்ற தகுதிச் சுற்று ஆடி மீதி இரண்டு இடங்களுக்கு அடித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கை வெல்பவர் மேலே போவார்.

அதாவது ஒரே எதிரியோடு இரண்டு வாரக் குடித்தனம். முதல் நாள் உங்களைக் கடுப்பேற்றிய அதே ஆள், அதே முகபாவத்தோடு ஆறாவது நாளும் வருவார். வெறுப்பும் மரியாதையும் சேர்ந்தே வளரும். ஒரு நாள் தோல்வியைத் தாங்குவது வேறு, இது வேறு.

அடுத்து, எந்த ஆட்டம் எங்கே என்பது. சீசனில் மேலே முடித்த அணியின் ஊரில் 1, 2, 5, 7 ஆகிய ஆட்டங்கள். கீழே முடித்த அணியின் ஊரில் 3, 4, 6. உங்கள் அணி கீழே முடித்திருந்தால் முதல் இரண்டு ஆட்டமும் அந்நிய மண்ணில்தான். அதனால் 0-2 என்று பார்த்ததும் சட்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். பலமான அணி தன் வீட்டைக் காத்துக்கொண்டது, அவ்வளவே. உண்மையான சோதனை மூன்றாவது ஆட்டத்தில் தொடங்குகிறது. மாறாக, முதல் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. இனி உங்கள் ஊர் ஆட்டங்களை மட்டும் ஜெயித்தாலே போதும்.

2025இல் நாங்கள் இதைத்தான் செய்தோம். நியூயார்க் நிக்ஸின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இரண்டாவது ஆட்டத்தை 100-94 என்று எடுத்தோம். ஐந்தாவதையும் அங்கேயே 106-103 என்று எடுத்தோம். ஆனால் சொந்த ஊரில் ஆடிய மூன்றையும் தோற்றோம். இதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

2. அளவுகோலை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்

தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் தினமும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

எங்கள் அணி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2023-24 சீசனில் 14 வெற்றி, 68 தோல்வி. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயித்துவிட்டு அடுத்த 28 ஆட்டங்களை வரிசையாகத் தோற்றார்கள். ஒரே சீசனில் அவ்வளவு நீளமாக அதற்கு முன் யாரும் தோற்றதில்லை. முந்தைய சாதனையை முறியடித்த 27ஆவது தோல்வி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புரூக்ளின் நெட்ஸிடம். அன்று எங்கள் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாம் தனியாளாக 41 புள்ளி எடுத்தார். எடுத்தும் தோற்றோம். டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்று வென்றபோது அரங்கம் ஏதோ கோப்பையையே தூக்கியது போல ஆர்ப்பரித்தது.

அடுத்த சீசனில் 44 வெற்றி. மூன்று மடங்குக்கும் மேல். கிழக்கில் ஆறாவது இடம். எதிரே 51 ஆட்டம் ஜெயித்த நிக்ஸ். அதிலும் எங்கள் ஜேடன் ஐவி ஜனவரி முதல் தேதியே கால் எலும்பு முறிந்து வெளியே. தொடரின் முதல் ஆட்டத்துக்குப் பிறகு முழங்கால் வலியால் எங்கள் ஐசையா ஸ்டூவர்ட்டும் வெளியே.

நான் எழுதிய மூன்று வரிகள் இவை. ஒன்று, ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். இரண்டு, இழுபறியான ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை கேட் எப்படி நடத்துகிறார் என்று பார்க்க வேண்டும். மூன்று, முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஒரு ஆட்டமும் தோற்கக் கூடாது. தொடரை ஜெயிப்பது என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் ஆசைப்படவில்லை என்று நினைக்காதீர்கள். ஆசை அது பாட்டுக்கு இருக்கும், அளவுகோல் வேறு.

சீசனில் அதே எதிரியோடு என்ன நடந்தது என்பதையும் குறித்து வையுங்கள். நிக்ஸோடு ஆடிய நான்கில் மூன்றை நாங்கள் ஜெயித்திருந்தோம். அது கொஞ்சம் போதை ஏற்றியது என்பதை மறைக்க மாட்டேன். சீசன் ஆட்டம் வேறு, பிளேஆஃப் வேறு. அங்கே ஒரே எதிரியை ஆராய எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

3. தூக்கம்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு: ஏப்ரல் முதல் ஜூன் வரை அமெரிக்கக் கிழக்கு நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 7.30 என்றால் இங்கே விடியற்காலை 5. மேற்குக் கடற்கரை ஆட்டங்கள் இங்கே காலை ஏழரைக்குத் தொடங்கும். அலுவலகத்துக்கு லீவு போட்டால்தான் முடியும். சனி, ஞாயிறுகளில் அங்கே மதிய ஆட்டங்கள் உண்டு, அவை நமக்கு இரவில் வரும். அந்த ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பன் கல்லூரி அணியில் ஆடியவன். ஐந்து மணிக்கு எழுந்து பார்ப்பது அவனுக்கு வழக்கம். ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறான்: வாரத்தில் இரண்டு ஆட்டம் மட்டும் நேரலை, மற்றதை என்பிஏ லீக் பாஸில் மாலையில் மறுஒளிபரப்பு. அதுவரை போனைத் திறக்க மாட்டான். ஏழு ஆட்டத்தையும் நேரலையில் பார்த்தே தீருவேன் என்று கிளம்புபவர்கள் நான்காவது ஆட்டத்தில் தூங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

4. தோற்றுக்கொண்டிருக்கும்போது எதைப் பார்ப்பது

வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதிதான். ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை விட்டுவிடுவீர்கள்.

கூடைப்பந்தில் புள்ளிகள் சீராக வருவதில்லை, அலை அலையாக வரும். அமெரிக்கர்கள் ரன் என்பார்கள். 2025 தொடரின் முதல் ஆட்டம் அதற்கு நல்ல உதாரணம். நான்காவது குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பங்கில், நாங்கள் எட்டுப் புள்ளி முன்னே இருந்தோம். அப்போது நிக்ஸ் வரிசையாக 21 புள்ளி எடுத்தார்கள், நாங்கள் பூஜ்யம். கடைசியில் 123-112. அந்த 21-0 நடந்துகொண்டிருந்தபோது நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அதை மட்டும் தனியாக இன்னொரு தடவை பார்த்தேன். பார்த்தால், அலை அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு என்று தெரிந்தது.

பயிற்சியாளர் எத்தனையாவது புள்ளியில் டைம்அவுட் கேட்கிறார்? கேட்ட பிறகு முதல் தாக்குதலை யாருக்காக வரைகிறார்? பந்தை மேலே கொண்டுவருபவர் அவசரப்படுகிறாரா? நடுக்கோட்டைத் தாண்டியதும் எத்தனை பாஸ் நடக்கிறது? ஒரு பாஸோடு எறிந்துவிட்டால் பதற்றம் என்று அர்த்தம். எதிரணி எறிந்து தவறவிட்ட பந்தை நம் ஆட்கள் எடுக்கிறார்களா, இல்லை வேடிக்கை பார்க்கிறார்களா? இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் கலங்க நேரமே இருக்காது.

இரண்டாவது, யார் ஆடுகிறார்கள். சீசனில் பத்துப் பேர் சாதாரணமாகக் களத்தில் இறங்குவார்கள். பிளேஆஃபில் அது எட்டாகச் சுருங்கும், சில நாள் ஏழு. உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் பயிற்சியாளரைத் திட்டுவதற்கு முன், அவர் இறங்கிய நிமிடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். பலவீனமான தடுப்பாட்டக்காரரை எதிரணி மோப்பம் பிடித்துவிடும். அவர் காக்கும் ஆளை வைத்தே ஸ்கிரீன் போட்டு (தடுப்பவரின் வழியை உடம்பால் மறித்து), அவரைத் தங்கள் சிறந்த ஆட்டக்காரர் முன்னால் இழுத்து நிறுத்தும். ஒரு தடவை இல்லை, இருபது தடவை. நிக்ஸின் ஜேலன் பிரன்சன் உயரம் குறைந்தவர் என்பதால் எதிரணிகள் அவரை இப்படி இழுப்பது வழக்கம். அவர் மறுமுனையில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பதுதான் சிக்கல்.

மூன்றாவது, ஒரு சின்ன நோட்டு. டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது), எதிரணிக்குப் போன இரண்டாவது வாய்ப்பு ரீபவுண்டுகள் (அவர்கள் தவறவிட்ட பந்தை அவர்களே மறுபடி எடுப்பது), ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பின்றி எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு). இந்த மூன்றை மட்டும் குவார்ட்டர் வாரியாகக் குறியுங்கள். தோற்ற ஆட்டத்தில் ஏன் தோற்றோம் என்பதற்கு மூன்றில் ஒன்றாவது பதில் சொல்லிவிடும். 'நம்ம பசங்களுக்கு மனசே இல்லை' என்று சொல்வதைவிட 'மூன்றாவது குவார்ட்டரில் எட்டு டர்ன்ஓவர்' என்று சொல்ல முடிவது நிம்மதியாக இருக்கும். நம்பித்தான் ஆக வேண்டும், எனக்கு அப்படித்தான்.

இரண்டாவது ஆட்டத்தை இப்படித்தான் பார்த்தேன். கேட் 33 புள்ளி, 12 ரீபவுண்ட். நான்காவது குவார்ட்டரில் நிக்ஸ் துரத்தி வந்து 94-94 என்று சமன் செய்துவிட்டார்கள். என் அளவுகோலின் இரண்டாவது வரி சோதனைக்கு வந்தது. ஆனால் அன்று காப்பாற்றியது கேட் இல்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது எங்கள் டென்னிஸ் ஷ்ரோடர் தூரத்திலிருந்து எறிந்து ஒரு த்ரீ பாயிண்டர், மூன்று புள்ளி, போட்டார். சீசன் நடுவில் வந்து சேர்ந்த ஜெர்மானியர். பதினேழு வருடக் கதவைத் திறந்தவர் அவர்.

5. நடுவர் தவறு செய்தால்

செய்வார். கடைசி நொடியில்தான் செய்வார்.

நான்காவது ஆட்டம், ஏப்ரல் 27, ஞாயிறு மதியம். எங்கள் ஊர். நிக்ஸ் 94, நாங்கள் 93. கடைசி நொடியில் எங்கள் டிம் ஹார்டவே ஜூனியர் மூன்று புள்ளிக்கு எறிய எழும்பினார், நிக்ஸின் ஜோஷ் ஹார்ட் அவர்மேல் மோதினார். விசில் வரவில்லை. ஆட்டம் முடிந்தது. ஃபவுல் கொடுத்திருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ, இரண்டு போனாலே வெற்றி. ஆட்டம் முடிந்த பிறகு, அது ஃபவுல்தான், கொடுத்திருக்க வேண்டும் என்று தலைமை நடுவரே ஒப்புக்கொண்டார்.

அப்போது கோயம்புத்தூரில் இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. நண்பன் போன் செய்தான்.

"டேய், பாத்தியா?"

"பாத்தேன் மச்சான்."

"இதுக்கு அப்பீல் கிடையாதா?"

கிடையாது. பயிற்சியாளர் சவால் விடலாம், ஆனால் கொடுத்த முடிவுகளை எதிர்த்து மட்டும்தான். ஊதாத விசிலை எதிர்த்துச் சவால் விட முடியாது. கடைசி இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் இருந்த ஆட்டங்களுக்கு மறுநாள் லீக் ஓர் அறிக்கை வெளியிடும்; எந்த முடிவு சரி, எது தவறு என்று வரிசையாகப் போட்டிருக்கும். 2015 முதல் நடக்கும் வழக்கம். அதனால் ஆட்டத்தின் முடிவு மாறாது. பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி.

இங்கே செய்ய வேண்டியது: ஒரு நாள் முழுக்க ஆத்திரப்படுங்கள். அது உங்கள் உரிமை. அந்த அறிக்கையைப் படியுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து, அந்த விசிலுக்கு முந்தைய 47 நிமிடத்தில் நாம் விட்ட புள்ளிகளை எண்ணுங்கள். ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் தவறவிட்ட ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் குற்றவாளிதான். நடுவரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்க்கவே மனம் வராது. அந்த ஐந்தாவதைத்தான் நியூயார்க்கில் போய் ஜெயித்தோம் என்பதை நினைவூட்டுகிறேன்.

6. 0-3, 1-3: வரலாறு என்ன சொல்கிறது

0-3 என்ற நிலையிலிருந்து ஏழு ஆட்டத் தொடரை ஜெயித்த அணி 2025 வரை ஒன்றுகூட இல்லை. ஏழாவது ஆட்டம் வரை இழுத்தவர்களே நால்வர்தான்: 1951 நியூயார்க், 1994 டென்வர், 2003 போர்ட்லேண்ட், 2023 பாஸ்டன். நால்வரும் ஏழாவதில் தோற்றார்கள். ஆகவே 0-3இல் யாராவது 'இன்னும் முடியலை' என்றால் தலையாட்டுங்கள், வாதாடாதீர்கள். அந்த நிலையில் நான்காவது ஆட்டத்தை வேறு காரணத்துக்காகப் பாருங்கள்: இளம் ஆட்டக்காரர்களுக்கு நீண்ட நேரம் கிடைக்கும், அடுத்த வருட அணி கொஞ்சம் தெரியும்.

1-3 வேறு. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. 2016இல் கிளீவ்லேண்ட், 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட்டை இறுதித் தொடரில் 1-3இலிருந்து வீழ்த்தியது. 2003இல் நாங்களே முதல் சுற்றில் ஒர்லாண்டோவிடம் 1-3 என்று பின்தங்கி, மீதி மூன்றையும் எடுத்தோம். 1-3இல் டிவியை அணைக்கக் கூடாது என்று நான் அடம்பிடிப்பதற்கு அந்தத் தொடர்தான் காரணம்.

7. திட்டலாமா?

தாராளமாக. திட்டுவதும் விசுவாசத்தில் சேர்த்திதான். பார்க்காமல் திட்டுவது மட்டும்தான் சேராது.

2023 டிசம்பரில், தோல்வி வரிசை இருபதைத் தாண்டியபோது, டெட்ராய்ட் அரங்கில் உரிமையாளர் டாம் கோர்ஸை நோக்கி 'அணியை விற்றுவிடு' என்று கூட்டம் கோஷம் போட்டது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மிச்சிகன் குளிரில் வண்டி ஓட்டி வந்து உட்கார்ந்து கத்தியவர்கள் அவர்கள். ஆறு வருடத்துக்கு 7.85 கோடி டாலர் பேசிக் கொண்டுவந்த பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை ஒரே சீசனில் அனுப்பினார்கள். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். ரசிகர்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கைதட்டியிருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு எல்லை மட்டும். ஆட்டக்காரரின் குடும்பத்தை இழுக்காதீர்கள், அவருடைய சமூக ஊடகக் கணக்கில் போய்க் கொட்டாதீர்கள். அப்புறம் பந்தயம். உங்கள் அணிமேல் காசு கட்டாதீர்கள். கட்டிய நிமிடத்தில் நீங்கள் ரசிகர் இல்லை, கடன்காரர். அந்த நோட்டில் எழுத வேண்டிய கணக்கு அது இல்லை.

8. கேலியைச் சமாளிப்பது

ஒவ்வொரு அலுவலகத்திலும் ஜெயிக்கிற அணியின் சட்டையை வருடா வருடம் மாற்றும் ஒருவர் இருப்பார். அவரோடு சண்டை வேண்டாம், அவருக்கு அது பொழுதுபோக்கு. 'பதினைஞ்சாச்சா?' என்று கேட்டால் 'ஆமா, பதினைஞ்சு' என்று சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையை நாமே முதலில் சொல்லிவிட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நான் இப்படித்தான் பல வருடம் ஓட்டினேன்.

9. கடைசி இரவு

வெளியேறும் ஆட்டத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை என்றால் போனிலாவது ஒருவர் இருக்கட்டும்.

2025 மே 1. ஆறாவது ஆட்டம், எங்கள் ஊர், தொடர் 2-3. இரண்டரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது 112-105 என்று முன்னே இருந்தோம். ஏழாவது ஆட்டத்துக்கு மனம் டிக்கெட் போட்டுவிட்டது. அங்கிருந்து நிக்ஸ் 11, நாங்கள் 1. பிரன்சன் ஒரு குறுக்கு வெட்டில் ஆசார் தாம்ப்சனைப் பின்னால் தள்ளி, 4.3 நொடி இருக்கும்போது த்ரீ பாயிண்டர் போட்டார். அன்றைக்கு அவர் எடுத்தது 40. ஆசார் தாம்ப்சன் எங்கள் அணியின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியான ஆள்தான் சரியான இடத்தில் நின்றார், அப்படியும் போய்விட்டது.

சமன் செய்ய ஒரு வாய்ப்பு இருந்தது. பந்து மாலிக் பீஸ்லியிடம் வந்தது. அந்த சீசனில் 319 த்ரீ பாயிண்டர் போட்டு அணியின் சாதனையை உடைத்தவர், இதைவிட நல்ல ஆள் கிடையாது. பந்து அவர் கையில் நிற்காமல் கோட்டுக்கு வெளியே போனது. 116-113.

ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். ஆட்டக்காரர்கள் கைகுலுக்கி முடிக்கும் வரை இருங்கள். இரண்டு வாரம் உங்கள் கழுத்தை நெரித்த எதிரணியின் நட்சத்திரம் உங்கள் இளம் ஆட்டக்காரரின் காதில் ஏதோ சொல்வார், தோளைத் தட்டுவார். அதைப் பார்க்காமல் போனால் தொடரில் ஒரு பக்கம் குறைகிறது.

10. மறுநாளும் அதற்குப் பிறகும்

முதலில் எழுதிய தாளை எடுங்கள். என்னுடையதில் ஒன்றாவது வரிக்குப் பதில் இரண்டு வெற்றி. முப்பது புள்ளித் தோல்வி ஒன்றும் இல்லை. நான்கு தோல்வியில் மூன்று ஆட்டங்களின் வித்தியாசத்தைக் கூட்டினாலே ஆறு புள்ளிதான். கடைசி ஐந்து நிமிடம் என்ற வரிக்கு நேரே 'இன்னும் இல்லை' என்று எழுதினேன்.

அப்புறம் பழைய கதையைப் படியுங்கள். ஆனால் இரண்டு பக்கமும். 1987இல் பாஸ்டனுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் ஐசையா தாமஸ் உள்ளே எறிந்த பந்தை அவர்களின் லாரி பேர்ட் பிடுங்கினார், ஒரு புள்ளியில் தோல்வி. தொடர் ஏழாவதில் போனது. 1988 இறுதித் தொடரில் லேக்கர்ஸை 3-2 என்று முந்தியிருந்த நிலையில், தாமஸ் சுளுக்கிய கணுக்காலோடு ஒரே குவார்ட்டரில் 25 புள்ளி எடுத்தார். கடைசி நொடிகளில் எங்கள் பில் லேம்பியர்மேல் கொடுத்த ஒரு ஃபவுலில் அந்த ஆட்டம் 103-102 என்று போனது. அந்த ஃபவுலைப் பற்றி டெட்ராய்ட்டில் இன்றும் சண்டை போடலாம். ஏழாவதும் போனது. 1989இல் அதே லேக்கர்ஸை 4-0. 1990இல் மறுபடியும் கோப்பை.

மறுபக்கம் சாக்ரமெண்டோ அணி. 2002இல் இறுதித் தொடருக்கு ஓர் ஆட்டம் முன்னால், சொந்த ஊரில், கூடுதல் நேரத்தில் விழுந்தார்கள். அதன்பின் அந்த உயரத்தை எட்டவே இல்லை. 2006க்குப் பிறகு வரிசையாக 16 சீசன் பிளேஆஃபே கிடையாது. 2023இல் திரும்பி வந்தார்கள், வந்து ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். அங்கே கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கர்ரி 50 புள்ளி எடுத்து அனுப்பிவைத்தார். வலி எல்லாம் ஒருநாள் வட்டியோடு திரும்பி வரும் என்று சொல்பவரிடம் சாக்ரமெண்டோவைக் காட்டுங்கள். அங்கும் ஆட்கள் ஆரவாரத்துக்கு அடிக்க மாட்டு மணியை எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியாக நாட்காட்டி. ஜூன் கடைசியில், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். ஜூலை தொடக்கத்தில் ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவர் போவார், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எங்கள் ஷ்ரோடர் அப்படித்தான் போனார், அதுவும் சாக்ரமெண்டோவுக்கே. ஜூலை நடுவில் லாஸ் வேகஸில் சம்மர் லீக், புதுப் பையன்களைப் பார்க்க. அக்டோபரில் முதல் ஆட்டம். நண்பனிடம் அட்டவணையை அனுப்பினேன். இந்த சீசனுக்கும் வாரத்துக்கு இரண்டு நேரலைதான் என்று பதில் போட்டிருக்கிறான்.